ஐந்தாம் வகுப்பில் குடியிருந்தவள்

லாரியிலிருந்து இறங்க இன்ஷிராஹ் கால் வைத்த இடத்தில் எருமைச் சாணம் கிடந்தது. கஃப்ர் நஸ்ஸார் ஊரைப் பற்றி அந்த ஒரு நொடியில் அவள் எடுத்த முடிவை வெகு நாள் வரை மாற்றிக்கொள்ளவே இல்லை.

அறுபத்தேழாம் ஆண்டு அக்டோபர் கடைசி. சூயஸில் எண்ணெய் ஆலை இரண்டு நாள் எரிந்து வானம் தார் போலக் கறுத்திருந்தது. கால்வாயின் அந்தக் கரையில் இஸ்ரேல்காரனின் பீரங்கி, இந்தக் கரையில் அவர்கள் வீடு. ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். யார் யாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று ஓர் அதிகாரி பட்டியலில் விரலை வைத்துச் சொன்னார். கரீப்பின் குடும்பத்துக்கு நைல் சமவெளியின் மெனூஃபிய்யா மாவட்டம் வந்து வாய்த்தது.

கரீப் சின்னப் படகில் கப்பல்களுக்குப் போய்ச் சரக்கு விற்பவர். தோல் திண்டு, பித்தளை ஒட்டகம், ஃபிர்அவ்ன் காலத்தது என்று சொல்லி விற்கும் போலி வண்டுக்கல். நான்கு மொழிகளில் பொய் சொல்லத் தெரிந்தவர். மனைவி ஃபத்ஹிய்யா, ஒரே மகள் இன்ஷிராஹ். மகளுக்கு வயது இருபது. கரைக்கு வரும் கிரேக்க மாலுமி என்ன திட்டுகிறான் என்று புரிந்து, அதே மொழியில் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு வாய். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து, இரவு எட்டு மணிக்கு மனிதனும் மாடும் சேர்ந்து தூங்கிவிடுகிற ஊரில் இறக்கினார்கள்.

ஊர்த் தலைவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு சொற்பொழிவு ஆற்றினார். "நீங்கல்லாம் எங்க விருந்தாளிங்க. எங்க தலைமேல இருக்கீங்க."

"தலைமேல இருக்கிறது பேன்தான்" என்றார் கரீப், மனைவியின் காதில்.

தலைக்கு மேல் கிடைத்தது பள்ளிக்கூடக் கூரை. ஐந்தாம் வகுப்பு அறையின் நடுவே இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் இவர்கள். அரசு கொடுத்த மாவில் வண்டு ஓடியது. முதல் வாரம் முழுக்க ஊர்ப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒருத்தி பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஒருத்தி இன்ஷிராஹின் பாவாடைத் துணியைத் தடவிப் பார்த்தாள். "ஐயோ பாவம், அகதி" என்று வாயில் சொல்லிக்கொண்டே கண்ணால் சாமான்களை எண்ணினார்கள். அவர்கள் கொண்டுவந்து கொடுத்த வாய்க்கால் மீனை வாயில் வைத்ததும் இன்ஷிராஹ் துப்பினாள்.

"யம்மா, இது மீனா? சேத்துக்கு முள்ளு முளைச்ச மாதிரி இருக்கு."

"தின்னுடி. பசிக்கு எல்லாம் மீனுதான்" என்றாள் ஃபத்ஹிய்யா. அவளும் துப்பத்தான் செய்தாள், மகள் பார்க்காதபோது.

அகதி வீட்டுப் பெண் என்றால் மாப்பிள்ளை தர வேண்டிய மஹர் பணத்தைக் குறைவாகக் கேட்பார்கள் என்ற செய்தி ஊருக்குள் பரவ ஒரு மாதம் கூட ஆகவில்லை. முதலில் வந்தவர் அப்துஷ் ஷாஃபி, மாட்டுத் தரகர். வயது ஐம்பத்தைந்து. வீட்டில் ஏற்கெனவே இரண்டு மனைவிகள். கக்கத்தில் ஒரு வாத்தை இடுக்கிக்கொண்டு வந்து, மாணவர்கள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் தாடையைத் தொட்டது.

"பொண்ணு உடம்பு எப்படி? பல்லெல்லாம் கெட்டியா இருக்கா?" என்று கரீப்பைக் கேட்டார். பழக்கம் அப்படி.

இன்ஷிராஹ் போர்வையை விலக்கிக்கொண்டு வந்து, அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து காட்டினாள். "நல்லா எண்ணிக்குங்க. கடிக்கவும் கடிக்கும்."

தரகர் எழுந்து போன வேகத்தில் வாத்தை மறந்துவிட்டார். ஃபத்ஹிய்யா அன்றே அதை அறுத்து வெங்காயம் போட்டு வேகவைத்தாள். அடுத்த நாள் ஆள் அனுப்பி வாத்தைத் திருப்பிக் கேட்டார். "வயித்துல இருக்கு, வந்து எடுத்துக்கச் சொல்லு" என்று கரீப் பதில் அனுப்பினார். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன அந்த மாவட்டத்திலேயே இந்த வாத்து விஷயம் ஆறு மாதம் பேசப்பட்டது. பெண் கிடைக்காமல் போனதைவிட வாத்து போனதுதான் அவருக்குப் பெரிய துக்கம் என்று சொன்னார்கள்.

வகுப்பறைகளில் அகதிகள் குடியிருந்ததால் பாடம் முற்றத்து மரத்தடியில் நடந்தது. ஆனால் எகிப்தின் வரைபடம் ஐந்தாம் வகுப்புச் சுவரில் எண்ணெய் வண்ணத்தால் வரையப்பட்டிருந்தது. அதைப் பெயர்த்து மரத்தடிக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் பூகோள வாத்தியார் மெத்வல்லி, முப்பது பிள்ளைகளோடு வந்து அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கரீப்பின் மேல்சட்டை வரைபடத்தில் சினாய் இருந்த இடத்தில் அடித்த ஆணியில் தொங்கும். அதை எடுத்துவிட்டுப் பாடம் நடத்துவார்.

மெத்வல்லிக்கு இருபத்தைந்து வயது. அண்ணனுக்குத் தைத்த கோட்டு, கை எட்டாது. சட்டைப்பையில் பேனா கசிந்து நீலத் திட்டு. பேசும்போது கண்ணைச் சுவரிலிருந்து எடுக்க மாட்டார். இப்படியும் ஓர் ஆண்பிள்ளையா என்று இன்ஷிராஹ் போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டே நினைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் குச்சியைக் கால்வாயின்மேல் வைத்தார். "கப்பல் இங்க வந்ததும் பெரிய கதவைத் திறப்பாங்க. தண்ணியை ஏத்துவாங்க. அப்புறம் அடுத்த கதவு..."

"பொய்" என்றது போர்வை.

பிள்ளைகள் திரும்பினார்கள். இன்ஷிராஹ் முறத்தோடு வெளியே வந்தாள். "எங்க ஊர்க் கால்வாய்ல ஒரு கதவும் கிடையாது. இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் நடுவுல வெட்டின நேர் வழி. கதவு போட்டுத் தண்ணி விட அது உங்க பருத்திக் காட்டு வாய்க்காலா? வாத்தியாரே, நீங்க கடலைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"அலெக்சாந்திரியா கூடப் போனதில்லையா?"

"இல்ல" என்றார் மெத்வல்லி. காது சிவந்துவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களை அதட்டுவார், தன்னைத் திட்டுவார், தலைமையாசிரியரிடம் போவார் என்று இன்ஷிராஹ் காத்திருந்தாள். அதற்கு வேண்டிய பதிலும் தயாராக இருந்தது. அவரோ பிள்ளைகள் பக்கம் திரும்பி, "நான் சொன்னது தப்பு. கதவு இல்ல. நோட்டுல அடிச்சிடுங்க" என்றார்.

மறுநாள் பிள்ளைகள் இல்லாமல் வந்து வாசலிலேயே நின்றார். கையில் புது நோட்டு. "வேற என்னென்ன தப்பாச் சொல்றேன்னு தெரியணும். உங்க அம்மா பக்கத்துல இருக்கட்டும். நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

அவள் வாழ்க்கையில் எத்தனையோ ஆண்களைப் பார்த்திருக்கிறாள். தப்பான காற்றில் பாயை விரித்துவிட்டுக் கடலைத் திட்டும் படகுக்காரர்கள். ஆறு நாளில் போரில் தோற்றுவிட்டுப் பத்திரிகையில் அதற்கு வேறு பெயர் வைத்த பெரிய மனிதர்கள். பொய் பிடிபட்டதும் மொழியை மாற்றும் அவளுடைய அப்பா. "நான் சொன்னது தப்பு" என்று முப்பது பேர் முன்னால் சொன்ன ஆணை அவள் பார்த்ததில்லை. எரிச்சலாக இருந்தது. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

"உட்காருங்க, எழுதுங்க" என்றாள். "முதல்ல, கப்பல் தனியாப் போகாது. வரிசையாப் போகும்."

வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆரம்பித்தது மூன்று நாள் ஆனது. கடல் ஏறுவது, இறங்குவது, தென்காற்று அடித்தால் எந்த மீன் வரும், கப்பல் கொடியைப் பார்த்து ஊரைச் சொல்வது எப்படி. சொல்லிக்கொண்டே அவரை மட்டம் தட்டவும் அவள் மறக்கவில்லை. "எழுத்துல கூட உங்களுக்கு அவசரம் கிடையாதா? ஆமை கூட இதுக்குள்ள சூயஸ் போய்ச் சேர்ந்திருக்கும்." அவர் சிரித்துவிட்டு அதே வேகத்தில் எழுதுவார். ஒரு நாள் காய்ச்சலால் அவர் வரவில்லை. அன்று அவள் பயற்றைக் கல்லோடு வேகவைத்தாள். ஃபத்ஹிய்யா கல்லைக் கடித்துவிட்டு மகளைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் சொன்னது. மெத்வல்லியின் தாய் ஸனிய்யா விதவை. மூன்று எருமை, அரைக்காணி நிலம், அதற்கு மேல் ஐம்பது காணி அளவுக்குத் தலைக்கனம். பருத்தி எடுப்பு முடிந்த ஒரு காலையில் பள்ளிக்கூட முற்றத்தில் வந்து நின்று, எல்லா வகுப்புக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"எங்கடி அந்த உப்புத் தண்ணிக்காரி? எம் புள்ளைக்குக் கடல் சொல்லிக் குடுக்கிறாளாமே! வீடு வாசல் இல்லாம வந்து பள்ளிக்கூடத்துல படுத்துக்கிட்டு, வாத்தியாரையே வளைச்சுப் போடுறீங்களா? மாப்பிள்ளை வேணும்னா அரசாங்கத்துக்கிட்ட கேளுங்க, மாவோட சேர்த்துக் குடுப்பான்!"

ஃபத்ஹிய்யா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். "உம் புள்ளைய நாங்க கூப்பிடலை. அவனாத்தான் வந்து வாசல்ல நிக்கிறான். எருமை வாசம் இல்லாத இடத்துல மூச்சு விடலாம்னு வர்றானோ என்னவோ!"

கரீப்பும் சேர்ந்துகொண்டார். "நாலு பாஷை பேசுற எம் பொண்ணை, கப்பலுக்கும் களத்துமேட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கா குடுப்பேன்? அதுக்கு அந்த வாத்துக்காரனே தேவலை."

இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறித் துப்பிக்கொண்டபோது மெத்வல்லி மரத்தடியில் குச்சியோடு நின்றிருந்தார். தலை குனிந்திருந்தது. ஒரு சொல் வரவில்லை. தாய் கையைப் பிடித்து இழுத்ததும் பின்னாலேயே போனார்.

மறுநாள் நோட்டோடு வந்தவரை இன்ஷிராஹ் வாசலிலேயே நிறுத்தினாள்.

"முப்பது புள்ளைங்க முன்னாடி தப்பை ஒத்துக்கிட்டீங்க. சரி, இது வேற மாதிரி ஆளுன்னு நினைச்சேன். உங்க அம்மா என்னைச் சந்தைச் சரக்கு மாதிரிப் பேசினப்ப, அது தப்புன்னு சொல்ல உங்களுக்கு வாய் இல்ல."

"இன்ஷிராஹ், அவங்க..."

"என் பேரைச் சொல்லாதீங்க. போய் எருமைக்குத் தண்ணி காட்டுங்க." கதவைச் சாத்தினாள்.

பக்கத்து நகரத்து நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவாள். அங்கேயும் அகதி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் இயந்திரம் ஓடும் சத்தத்தில் அது காதில் விழாது. செவ்வாய்க்கிழமைகளில் வரைபடப் பாடம் நடந்ததாக அம்மா சொன்னாள். "நல்லது" என்றாள். அந்த ஆளை நினைத்தால் வாய் கசக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜனவரியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். வெள்ளிக்கிழமை, ஆலைக்கு விடுமுறை. தகரப்பெட்டி ஒரு கையில், சுருட்டிய மெத்தை தோளில், தொப்பலாக நனைந்து மெத்வல்லி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நிவாரண எழுத்தர் அன்று போர்வை கொடுத்துக்கொண்டிருந்தார். மெத்வல்லியும் வரிசையில் நின்றார். இன்ஷிராஹும் கரீப்பும் பத்தடி தள்ளி நின்று பார்த்தார்கள்.

"எந்த ஊரு?" என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.

"இதே ஊரு."

எழுத்தர் நிமிர்ந்தார். "வாத்தியாரே, நீங்களா? எந்தக் குண்டு விழுந்து வீட்டை விட்டு வந்தீங்க?"

"எங்கம்மா" என்றார் மெத்வல்லி.

சூயஸை விட்டு வந்ததிலிருந்து சிரிக்காத கரீப், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். போர்வை கிடைக்கவில்லை. அகதி என்று நிரூபிக்கத் தாள் வேண்டுமாம்.

ஊரே வந்து கதையைச் சொல்லிவிட்டுப் போனது. அன்று காலையில் அவர் தாயிடம், "அந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன். நீ அவளைப் பேசினது தப்பு" என்றாராம். "அப்படின்னா என் கூரைக்குக் கீழ இருக்காதே" என்றாளாம் ஸனிய்யா. சரி என்று பெட்டியை எடுத்துவிட்டார். ஸனிய்யா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஊர் வாயில் அடித்துக்கொண்டு சிரித்தது. சொந்த ஊரிலேயே அகதியான முதல் ஆள் என்று ஊர்த் தலைவர் கூடக் கிண்டல் செய்தார். அவருக்கு நகைச்சுவை வந்ததே ஓர் அதிசயம்.

"மூணு நாள் தாங்காது" என்றாள் இன்ஷிராஹ். "அம்மா கையால கஞ்சி இல்லன்னா ஓடிடுவாரு."

நடைவழியில் சுண்ணாம்புக்கட்டி அலமாரிக்குப் பக்கத்தில் மெத்தையை விரித்தார். மூன்று நாள் போனது, ஐந்து போனது. தாய் ஆள் மூலம் அனுப்பிய ரொட்டியைத் திருப்பி அனுப்பவும் இல்லை. உட்கார்ந்து நன்றாகத் தின்றார். இன்ஷிராஹுக்கு அதுவும் எரிச்சல். ஒன்பதாம் நாள் ஊர்ப் பெண்கள் குடம் வைத்துக் காத்திருக்கும் அடிபம்பில் போய், எல்லோர் கண்முன்னும் தன் சட்டையைத் துவைத்தார். அந்த ஊரில் ஆண்பிள்ளை செய்யாத காரியம். ஒருத்தி சிரித்த சிரிப்பில் குடம் கவிழ்ந்தது.

இன்ஷிராஹ் விடுவிடென்று போய்ச் சட்டையைப் பிடுங்கினாள். "துவைக்கிறீங்களா, கொலை பண்றீங்களா? தேய்க்க வேண்டியது காலரை. பொத்தானை இல்ல." இரண்டு முறை தேய்த்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தாங்க, பண்ணுங்க. நான் துவைச்சுத் தருவேன்னு பார்க்காதீங்க."

அவர் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். "நான் பயந்தவன்தான். அன்னைக்கு மரத்தடியில நாக்கு ஒட்டிக்கிச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா பயந்துக்கிட்டே வந்துட்டேன்."

குழாயடியில் ஒருத்தியும் இப்போது சிரிக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஊரு முழுக்கக் கேக்குது" என்றாள் இன்ஷிராஹ்.

"கேக்கட்டும்."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கன்னம் சுட்டது. "வாப்பா கிட்ட வந்து கேளுங்க. வாத்து எல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மார்ச்சில் ஐந்தாம் வகுப்பிலேயே நிக்காஹ் நடந்தது. ஸனிய்யா வரமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து, சர்பத்தில் சர்க்கரை போதவில்லை என்றாள். அறையின் அந்தப் பாதிக் குடும்பம் பெருந்தன்மையாக இரண்டு இரவு நடைவழியில் படுத்துக்கொண்டது.

ஆறு வாரம் கூட ஆகவில்லை, பட்டாளத்திலிருந்து தாள் வந்தது. கெய்ரோவில் ஓர் அண்ணன் இருந்ததால் விதவையின் ஒரே மகன் என்ற விலக்கு கிடைக்கவில்லை. பயிற்சி முடிந்து அனுப்பிய இடம் கால்வாய்க் கரை. அவர் எழுதிய முதல் கடிதத்தில் ஊர்ப்பெயரைத் தணிக்கைக்காரன் கறுப்பு மையால் அடித்திருந்தான். மலை என்ற சொல்லை விட்டுவிட்டான், அறிவாளி. கால்வாய்க் கரை ஊர்களில் சூயஸுக்கு மட்டும்தான் பக்கத்தில் மலை.

"கடலைப் பார்த்தேன். நீ சொன்னதெல்லாம் சரி. ஒன்றைத் தவிர. மாலையில் மலை சிவக்கும் என்று எழுதச் சொன்னாய். மாலையில் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது, மலை கறுப்பாக இருக்கிறது. சிவப்பது விடியற்காலையில்."

இன்ஷிராஹ் கொதித்தாள். "இருபது வருஷம் அங்க இருந்தவ நான். ரெண்டு மாசம் இருந்துட்டு எனக்குச் சொல்லித் தராரு!"

"வாத்தியான் சொன்னதுதான் சரி" என்றார் கரீப். "நீ எந்தக் காலத்துல விடியறதுக்குள்ள எழுந்திருச்சே?"

அவள் இரண்டு நாள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தாள். மூன்றாம் நாள் ஒரே வரியில் பதில் எழுதினாள்: "நான் சொன்னது தப்பு. பத்திரமாகத் திரும்பி வாருங்கள்." அவள் வாழ்க்கையில் அந்த முதல் வாக்கியத்தை எழுதியது அன்றுதான்.

எழுபதாம் ஆண்டு ஜூலையில், போர்நிறுத்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, குண்டுச் சிதறல் அவருடைய இடது முழங்காலைத் தின்றது. கெய்ரோ ராணுவ மருத்துவமனையில் இன்ஷிராஹும் ஸனிய்யாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, இந்த மெலிவுக்கு யார் காரணம் என்று சண்டை போட்டார்கள். தாதி இருவரையும் வெளியே அனுப்பினாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கைக்குட்டையில் இருவரும் அழுதார்கள். பிறகு மறுபடி சண்டை போட்டார்கள். மெத்வல்லியின் கால் மடங்காமல் நின்றது. ஆனால் அந்தக் காலால்தான் எழுபத்துமூன்றாம் ஆண்டுப் போருக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

எழுபத்துநான்கில் சூயஸுக்குத் திரும்பியபோது அவர்கள் தெருவே கற்குவியல். கரீப்புக்குத் தன் வீடு எது என்று கண்டுபிடிக்க அரைநாள் ஆனது. அரசு கட்டிய புதுக் குடியிருப்பில், தீப்பெட்டி அளவில் ஒரு வீடு கிடைத்தது. மெத்வல்லிக்குப் பள்ளிக்கூட வேலையும் கிடைத்தது. அவர் கடலைப் பற்றி நடத்துகிற பாடத்தைக் கேட்கப் படகுக்காரர்களின் பிள்ளைகள் கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து ஸனிய்யா வந்து சேர்ந்தாள். ஊரில் தனியாக இருக்க முடியாமல் மூத்த மகன் வீட்டுக்குப் போனவளை, கெய்ரோ மருமகள் மூன்றே மாதத்தில் ரயிலேற்றிவிட்டாளாம். ஒரு மூட்டைத் துணி, ஒரு பானைப் பழைய பாலாடைக்கட்டி. அதன் வாசம் மாடிப்படி முழுக்க ஏறியது. மேல்மாடி வஜீதாவுக்கு அது போதும்.

"இன்ஷிராஹ், உங்க வீட்டுல எருமை கட்டியிருக்கீங்களா? நாங்க சூயஸ்காரங்க, இந்தப் பட்டிக்காட்டு நாத்தமெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்ல."

இன்ஷிராஹ் துடைப்பத்தைக் கையில் வைத்தபடியே மூன்று படி மேலே ஏறினாள். "அகதியா ஓடினப்ப எந்தப் பட்டிக்காட்டான் சோத்தைத் தின்னே? அப்ப மூக்கு எங்க போயிருந்துச்சு? அந்தக் கிழவி பிடிவாதக்காரி, கஞ்சம், வாயாடி. அதையெல்லாம் நான் சொல்லுவேன். எட்டு வருஷம் பட்டவ நான். நீ யாரு சொல்ல? இன்னொரு தடவை அவங்களைப் பத்தி வாயைத் திறந்தே, இந்தப் பானையைத் தூக்கிட்டு வந்து உன் கட்டிலுக்குக் கீழ வைப்பேன்."

வஜீதா கதவைச் சாத்தினாள். இன்ஷிராஹ் இன்னும் இரண்டு சொல்லைக் கிரேக்க மொழியில் மூடின கதவுக்குக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

கீழே வீட்டுக்குள்ளிருந்து ஸனிய்யா கத்தினாள். "அடுப்புல பயறு பொங்குது, எங்கடி ஊர்ச் சண்டைக்குப் போயிட்டே?"

"வரேன், கத்தாதீங்க" என்றாள் இன்ஷிராஹ்.